சுடுதண்ணீர் ஹீட்டரில் பிரேக்கர் விழுந்தால் எதைப் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது

சுங்கை சிப்புட்டில் காலை ஐந்து மணிக்கே குளியலறை விளக்குகள் எரியத் தொடங்கிவிடும். செம்பனைக் காட்டுக்குப் போகிறவர்கள், ஈப்போ பக்கம் ஃபேக்டரி பஸ் பிடிக்கிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் சுடுதண்ணீர் வேண்டும். விறகடுப்பில் அண்டா ஏற்றிய காலம் போய், லயத்து வீட்டிலும் தாமான் வீட்டிலும் குளியலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி வந்துவிட்டது. வீட்டிலுள்ள மின்சாதனங்களில் நனைந்த உடம்போடு நாம் நெருங்கி நிற்பது இந்த ஒன்றிடம்தான்.

இதைப் பற்றி அதிகம் வரும் புகார், 'பிரேக்கர் விழுந்துகொண்டே இருக்கிறது' என்பது. அதற்கு அதிகம் செய்யப்படும் தவறான வைத்தியம், அந்தப் பிரேக்கரையே வழியிலிருந்து நீக்கிவிடுவது. பத்துக்கு ஒன்பது முறை பிரேக்கர் கெட்டிருக்காது. அது தன் வேலையைச் செய்கிறது. கெட்டது வேறெங்கோ இருக்கிறது. அந்த வேறெங்கோ எங்கே என்பதை, பெட்டியைத் திறக்காமலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பெயர்க் குழப்பம். கசிவைக் கண்டு விழும் பிரேக்கரை நாம் எல்லாரும் இஎல்சிபி என்கிறோம். இப்போது வரும் பொருளின் மேல் ஆர்சிசிபி என்று அச்சாகியிருக்கும். ஒன்றும் பயப்பட வேண்டாம், வேலை அதேதான். உள்ளே ஒரு வளையம் இருக்கும். போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் அந்த வளையத்துக்குள் ஓடும். இரண்டும் சமமாக இருந்தால் சும்மா இருக்கும். போனதில் கொஞ்சம் திரும்பி வராமல் தண்ணீர் வழியாகவோ, சுவர் வழியாகவோ, மனித உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போனால் உடனே விழும். பக்கத்தில் இருக்கும் எம்சிபி வேறு ஆள். அதற்குக் கசிவு தெரியாது. கூடுதல் சுமையும் ஷார்ட்டும் மட்டுமே தெரியும். ஆகவே எது விழுந்தது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. 'டெஸ்ட்' என்ற பொத்தான் உள்ளது விழுந்தால் கசிவு. பொத்தான் இல்லாத ஒல்லியானது விழுந்தால் சுமை அல்லது ஷார்ட். பொத்தானும் இருந்து எம்சிபி மாதிரி ஒல்லியாகவும் இருந்தால் அது இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் வகை. அது விழுந்தால் இரண்டு பக்கமும் தேட வேண்டும்.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள், தரை ஈரமாக இருக்கக்கூடிய இடத்துக்கு 10 மில்லியாம்பியர் கசிவிலேயே விழும் கருவி வேண்டும் என்கின்றன. கையில் பிடித்து வேலை செய்யும் சாதனங்களுக்கு 30, மற்றவற்றுக்கு 100. குளியலறை ஹீட்டர் சேர்வது 10ல். எண்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நனைந்த உடம்பின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் உடம்பு வழியாக 230 மில்லியாம்பியர் ஓடும். 30 மில்லியாம்பியரைத் தாண்டினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் தொடங்குகிறது. 10ஐ ஒட்டித்தான் பிடித்த பிடியைக் கை விட முடியாமல் தசை இறுகும். 10 என்ற எண்ணை அங்கே வைத்தது அதற்காக. '10 ரொம்ப சென்சிட்டிவ், 100 போட்டால் விழாது' என்று யாராவது சொன்னால், விழாது என்பது உண்மைதான். விழ வேண்டிய நேரத்திலும் விழாமல் போகலாம்.

ஹீட்டருக்குள்ளேயே ஒரு இஎல்சிபி இருக்கிறதே, மெயின் போர்டில் இன்னொன்று எதற்கு என்று கேட்பார்கள். உள்ளே இருப்பது தனக்குப் பின்னால் உள்ளதைத்தான் பார்க்கும். மெயின் போர்டிலிருந்து கூரை வழியாக வரும் கேபிள், சுவர் சுவிட்ச், ஹீட்டரின் நுழைவாய் முனை எதுவும் அதன் கண்ணில் படாது. இரண்டும் வேண்டும்.

இனி விழும் நேரத்தை வைத்துக் காரணத்தைப் பிரிப்போம். இதுதான் முக்கியமான பகுதி, நிதானமாகப் படியுங்கள்.

ஹீட்டரின் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு மெயின் போர்டில் பிரேக்கரைத் தூக்குங்கள். காலில் ரப்பர் செருப்பு, கையில் ஈரம் இல்லாமல். சுவிட்ச் அணைந்திருக்கும்போதே நிற்காமல் விழுந்தால் ஹீட்டர் குற்றவாளி அல்ல. போர்டுக்கும் சுவிட்சுக்கும் இடையிலுள்ள கேபிள், அல்லது சுவிட்சுப் பெட்டியே. கூரைக்குள் எலி கடித்த கேபிள், சுவரில் ஆணி அடித்தபோது துளைத்த கேபிள், மழை ஒழுகி நனைந்த ஜாயின்ட், சுவிட்சுப் பெட்டிக்குள் குடியேறிய சின்ன எறும்புக் கூட்டம் ஆகியவைதான் நம் பக்கத்தில் வழக்கமான காரணங்கள். பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டிக் கருகிக் கிடப்பதும் உண்டு. ஆனால் இந்தச் சோதனை செல்லுபடியாக ஒரு நிபந்தனை: சுவர் சுவிட்ச் டபுள் போல் ஆக இருக்க வேண்டும், அதாவது லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அறுக்கும் 20 ஆம்பியர் சுவிட்ச். சாதாரண ஒற்றை சுவிட்ச் போட்டிருந்தால் நியூட்ரல் இணைந்தே இருக்கும். ஹீட்டரில் நியூட்ரல் பக்கம் மண்ணைத் தொட்டிருந்தால் சுவிட்சை அணைத்தும் விழும்.

சுவிட்ச் போட்டதும், குழாயைத் திறக்கும் முன்பே விழுகிறதா? 'தண்ணீரே ஓடவில்லை, காயில் வேலையே செய்யவில்லை, எப்படி விழும்' என்று குழம்புவார்கள். காயில் என்பது தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச் சுருள். தண்ணீர் ஓடுவதை உணரும் ஃப்ளோ சுவிட்ச் பல மாடல்களில் ஒரு கம்பியைத்தான் அறுக்கிறது, அல்லது அறுக்கச் சொல்லி உத்தரவு கொடுக்கிறது. மற்றக் கம்பி எப்போதும் காயிலோடு இணைந்தே இருக்கும். காயில் கசிந்தால், ஓடாத நேரத்திலும் கசியும். யாரும் குளிக்காத நேரத்தில், ரைஸ் குக்கரைப் போட்டதும் ஹீட்டர் பிரேக்கர் விழுகிறது என்ற விசித்திரப் புகாருக்கும் இதுவே விளக்கம். நம் நாட்டு வீடுகளில் நியூட்ரல் மின்சாரக் கம்பெனியான தெனாகாவின் கம்பத்திலிருந்து வருகிறது, எர்த் நம் வீட்டுத் தரையில் அடித்த கம்பியிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் இடையில் சில வோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கும், வீட்டில் சுமை ஏறும்போது அதுவும் ஏறும். ஹீட்டரின் நியூட்ரல் பக்கம் மண்ணைத் தொட்டிருந்தால் அந்தச் சில வோல்ட்டே 10 மில்லியாம்பியரைத் தள்ளப் போதும். பழி ரைஸ் குக்கர் மேல் விழும்.

குழாயைத் திறந்து சூடு ஏறத் தொடங்கிய கணத்தில் விழுந்தால் காயில் அல்லது அதை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு. இரண்டு மூன்று நிமிடம் நன்றாக ஓடிவிட்டு விழுந்தால் பெரும்பாலும் காயிலின் உலோக உறையில் மயிரிழை விரிசல்: சூட்டில் உறை விரியும்போது வாய் திறக்கிறது, ஆறியதும் மூடிக்கொள்கிறது. அதனால்தான் அரை மணி கழித்துப் போட்டால் மறுபடி வேலை செய்கிறது, 'சரியாகிவிட்டது' என்று நினைக்க வைக்கிறது. சரியாகவில்லை. அடுத்த வாரம் இரண்டு நிமிடம் ஒரு நிமிடமாகக் குறையும். இதே அறிகுறியை ஹீட்டருக்குள் இருக்கும் சிறு தொட்டியின் ரப்பர் வாஷர் கசிவும் காட்டும். சூட்டில் தண்ணீர் சொட்டி முனைகளின் மேல் விழும். பெட்டியின் அடியில் ஈரத் தடம், பச்சை படிந்த கறை தெரிந்தால் வாஷர்தான்.

மாலையில் இடி இறங்கும்போது மட்டும் விழுகிறது என்றால் அது வேறு கதை. நம் ஊர் இடி லேசானது அல்ல. கம்பிகளில் ஏறும் திடீர் அலை, 10 மில்லியாம்பியர் கருவியை எளிதில் தட்டிவிடும். மழை விட்டதும் தூக்கினால் நின்றுவிட்டால் பயமில்லை. அடிக்கடி நடந்தால் மெயின் போர்டில் சர்ஜ் அரெஸ்டர் இருக்கிறதா, அதன் அடையாளச் சாளரம் சிவப்பாகிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மழைக்குப் பிறகும் நிற்காவிட்டால் இடி வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறது: எங்கோ இன்சுலேஷன் துளைபட்டிருக்கும்.

பிள்ளைகள் கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலைக்குப் போய், தீபாவளிக்கு மட்டும் திறக்கும் மாடி அறைக் குளியலறைகள் இங்கே நிறைய. அங்கே முதல் நாள் போட்டதும் விழும். காயிலுக்குள் கம்பியைச் சுற்றி வெள்ளைத் தூள் அடைத்திருப்பார்கள். முனை மூடியில் வழி இருந்தால் மாதக்கணக்கில் அந்தத் தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதை மெக்கர் என்ற, இன்சுலேஷனை அளக்கும் கருவி வைத்து அளந்த பிறகே மேலே போக வேண்டும். திரும்பத் திரும்பத் தூக்கி 'உலர்த்த' முயலக்கூடாது.

தூக்குவதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை. மறுபடி விழுந்தால் அன்றைக்கு அண்டாவில் சுட வைத்துக் குளிக்கலாம்.

இனி நான் மிகவும் வருந்தும் விஷயத்துக்கு வருகிறேன். பிரேக்கர் விழாமல் இருக்க எர்த் கம்பியைக் கழற்றிவிடுவது. இது வேலை செய்யும், அதுதான் ஆபத்து. கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போக எர்த் கம்பிதான் வழி. அதைக் கழற்றினால் கசிவுக்கு வழி இல்லை, வளையத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை, பிரேக்கர் நிற்கிறது. வீட்டில் எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள். ஆனால் தொட்டியின் உலோகமும் அதிலுள்ள தண்ணீரும் லைவ் ஆகக் காத்திருக்கும். ஈரத் தரையில் நிற்கும் அடுத்த ஆள்தான் அந்த அறுந்த எர்த் கம்பிக்குப் பதில். இஎல்சிபியும் சேர்த்துத் தாண்டப்பட்டிருந்தால் அந்த ஆளைக் காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை. ஹீட்டரில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் பற்றிய செய்திகளை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். குளிக்கும்போது கையில், தலையில் 'சுர்' என்று லேசாகப் பட்டாலும் அது சின்ன விஷயம் அல்ல. உடனே தண்ணீரை விட்டு விலகி, கையைத் துடைத்து, மெயின் போர்டில் அணையுங்கள். குளியலறைக்குள் இருக்கும் சுவிட்சை நனைந்த கையோடு தேட வேண்டாம்.

யாரும் கழற்றாமலேயே எர்த் போய்விடும் வீடுகளும் உண்டு. பழைய தோட்டத்து வீடுகளில் தண்ணீர்க் குழாய் முழுக்க ஜிஐ இரும்பு; எர்த் கம்பியை அதிலேயே கட்டிவிட்ட வேலைகள் உண்டு. பிறகு பாதி வழியில் பாலி பைப்பாக மாற்றியபோது எர்த் அங்கேயே அறுந்தது; யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தாமான் வீடுகளில் நடப்பது வேறு: வீட்டை நீட்டிக் கட்டும்போது, மீட்டருக்குக் கீழே வெளிச்சுவர் ஓரம் அடித்திருந்த எர்த் கம்பி சிமென்டுக்கு அடியில் போய்விடும், அல்லது மண்வெட்டியில் ஒயர் அறுந்துவிடும். வெளியே போய்ப் பாருங்கள். ஒன்றரை மீட்டர் நீளச் செம்புப்பூச்சுக் கம்பியின் தலையும், அதில் கிளாம்ப் போட்டு இறுக்கிய ஒயரும் தெரிய வேண்டும், வழக்கமாக ஒரு சிறு பெட்டிக்குள். கிளாம்ப் பச்சை பூத்துக் கையால் ஆட்டினால் ஆடுகிறது என்றால், ஹீட்டரைப் பற்றிப் பேசும் முன் அதைச் சரி செய்ய வேண்டும். இன்னொன்று: இஎல்சிபியின் டெஸ்ட் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. எர்த் ஒயரே இல்லாத வீட்டிலும் பொத்தானை அழுத்தினால் விழும். பொத்தான் சொல்வது பிரேக்கரின் இயந்திரம் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும். மாதம் ஒரு முறை அழுத்துங்கள். அழுத்தியும் விழாவிட்டால்தான் பிரேக்கர் நிஜமாகக் கெட்டது. அன்றே மாற்ற வேண்டும்.

பிரேக்கர் விழவில்லை, தண்ணீர்தான் சுடவில்லை என்பவர்களுக்கு மீட்டரை வைத்து ஒரு சோதனை. நம் வீட்டு டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னும், பக்கத்தில் ஒரு கிலோவாட் மணிக்கு எத்தனை மின்னல் என்று அச்சாகியிருக்கும். அது 1000 என்றால் கணக்கு மிக எளிது: 3.6 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடும்போது விளக்கு நொடிக்கு ஒரு முறை மின்னும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள், குளிர்சாதனப் பெட்டி உட்பட. ஹீட்டரை உச்சத்தில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஒருவர் மீட்டர் அருகே நின்று ஒரு நிமிடம் எண்ணட்டும். 60ஐ ஒட்டி வந்தால் ஹீட்டருக்குள் மின்சாரம் முழுதாகப் போகிறது, குறை தண்ணீர்ப் பக்கம். 30 வந்தால் பாதி சக்தி: இரட்டைக் காயில் உள்ள மாடலில் ஒன்று அறுந்திருக்கும், அல்லது ஹீட்டரின் எலக்ட்ரானிக் போர்டிலுள்ள ட்ரையாக் என்ற பாகம் அலையின் ஒரு பாதியை மட்டும் விடுகிறது. ஒன்றுமே வராவிட்டால் காயிலுக்கு மின்சாரம் போகவில்லை. உங்கள் மீட்டரில் எண் வேறாக இருந்தால், ஒரு நிமிட எண்ணிக்கையை 60ஆல் பெருக்கி அச்சிட்ட எண்ணால் வகுத்தால் கிலோவாட் வரும். திருப்புளி எதுவும் தொடாமல் கிடைக்கும் பதில் இது.

48 முதல் 55 வரை வந்தால் பழுது அல்ல, வோல்டேஜ் குறைவு. 2008 முதல் நம் மின்சாரம் 230 வோல்ட் என்று அறிவிக்கப்பட்டது, கீழே 6 சதவீதம் வரை இறங்கலாம், அதாவது 216. 240 வோல்ட்டுக்கு 3.6 கிலோவாட் என்று குறித்த காயில் 216ல் 2.9 கிலோவாட்தான் தரும், ஏனென்றால் சக்தி வோல்டேஜின் வர்க்கமாக இறங்குகிறது. தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு மொத்தத் தாமானும் ஒரே நேரத்தில் ஹீட்டரைப் போடும்போது, வரிசையின் கடைசி வீட்டில் தண்ணீர் வெதுவெதுப்பாக வருவதற்கு இதுவே காரணம். ஹீட்டரை மாற்றினாலும் அன்றைக்கு அப்படித்தான் வரும்.

தண்ணீர்ப் பக்கத்துக் கணக்கும் எளிது. ஒன்றரை லிட்டர் மினரல் பாட்டிலை ஷவர் தலைக்குக் கீழே பிடித்து நேரம் பாருங்கள். 30 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 3 லிட்டர், 3.6 கிலோவாட் அதைச் சுமார் 17 டிகிரி ஏற்றும். கூரைத் தொட்டித் தண்ணீர் 27 டிகிரி என்றால் 44 கிடைக்கும், நல்ல சுடுதண்ணீர். 45 நொடி ஆனால் 2 லிட்டர், ஏற்றம் ஏறக்குறைய 26 டிகிரி, உடம்பு தாங்காது. 22, 23 நொடியில் நிறைந்தால் 4 லிட்டர், ஏற்றம் 13 டிகிரிதான். அதே ஹீட்டரைக் கேமரன் மலைப் பக்கம் ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ மாட்டினால், உள்ளே வரும் தண்ணீரே குளிர்ந்திருப்பதால் 3 லிட்டரிலும் போதாது. அங்கிருப்பவர்கள் ஹீட்டர் பழுது என்று நினைக்கும் முன், ஹீட்டருக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் வால்வைக் கொஞ்சம் மூடிப் பார்க்கலாம்.

தண்ணீர் மெதுவாக வருவதற்கு நம் பக்கத்தில் மூன்று காரணம். ஹீட்டரின் நுழைவாயில் உள்ள சின்ன வலை அடைத்திருக்கும். குழாயில் வேலை நடந்து செம்மண் கலங்கி வந்த அடுத்த நாள் இது வழக்கம். வால்வை மூடி, வலையைக் கழற்றி, பழைய டூத்பிரஷால் தேய்த்தால் போதும். இரண்டாவது ஷவர் தலையின் துளைகள். மூன்றாவது, கூரைத் தொட்டியின் உயரம். ஒரு மீட்டர் உயரத்துக்குப் பத்தில் ஒரு பார் அழுத்தம்தான் கிடைக்கும். ஒற்றை மாடி வீட்டில் தொட்டியின் அடிக்கும் ஷவர் தலைக்கும் ஒரு மீட்டர் சொச்சம்தான் இருக்கும். பம்ப் இல்லாத மாடலின் ஃப்ளோ சுவிட்ச் அந்த அழுத்தத்தில் எழும்பாமலே கிடக்கலாம்: விளக்கு எரியும், தண்ணீர் வரும், சூடு வராது. ஷவர் தலையைக் கையில் பிடித்து முழங்கால் உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள். இறக்கியதும் சூடு வந்தால் ஹீட்டர் நலமாக இருக்கிறது. வாங்க வேண்டியது பம்ப் உள்ள மாடல். பம்ப் இருந்தும் உறுமிக்கொண்டு தண்ணீர் தள்ளாவிட்டால் காற்று அடைப்பு அல்லது மண் சிக்கிய விசிறி.

சூடு, குளிர், சூடு, குளிர் என்று மாறி மாறி வந்தால் தண்ணீர் ஓட்டம் குறைந்து தெர்மோஸ்டாட் அறுத்து அறுத்துச் சேர்க்கிறது. உள்ளே 'சொய்ங்' என்று கொதிக்கும் சத்தமும் கேட்கும். திருகியைக் குறைத்தாலும் சூடு குறையாமல் கொதிநீராகவே வந்தால் ட்ரையாக் ஷார்ட் ஆகிவிட்டது. மின்சாரம் கட்டுப்பாடில்லாமல் முழுதாகப் போகிறது. குழந்தைகளையும் வயதானவர்களையும் அதில் குளிக்க விடாதீர்கள். இந்த நிலையில் கடைசிக் காவலாக நிற்பது தெர்மல் கட்அவுட் என்ற பொத்தான் வடிவப் பாகம். கையால் அழுத்தித் திரும்ப வைக்கும் வகை விழுந்திருந்தால், அழுத்தும் முன் ஏன் விழுந்தது என்று கேட்க வேண்டும். அதன் உடம்பில் வெப்ப அளவு அச்சாகியிருக்கும். மாற்றும்போது அதே அளவு, அதே ஆம்பியர். கிடைத்ததைப் போடக்கூடாது, நேராக இணைத்து ஓட்டவே கூடாது.

எம்சிபி விழுபவர்களுக்குச் சுருக்கமாக: 3.6 கிலோவாட் ஹீட்டர் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் எம்சிபி, வெயில் அடிக்கும் சுவரில் உள்ள போர்டில், விளிம்பில் நிற்கும், 20 வேண்டும். கேபிள் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, தூரம் அதிகம் என்றால் 4. பதின்மூன்று ஆம்பியர் பிளக்கில் மாட்டவே கூடாது. சுவிட்சுப் பக்கம் காய்ந்த மீன் வாடை அடித்தால் சமையலறையைத் தேடாதீர்கள். சுவிட்சின் பிளாஸ்டிக் சூடேறும் வாடை அப்படித்தான் இருக்கும். முனைத் திருகு தளர்ந்து, 15 ஆம்பியர் ஓடும்போது பொசுங்குகிறது. விளிம்பு பழுப்பேறியிருந்தால் திருகை இறுக்கிவிட்டு விடாமல் சுவிட்சையே மாற்றச் சொல்லுங்கள், கருகிய ஒயர் முனையை வெட்டி நல்ல செம்பு வரை போகச் சொல்லுங்கள்.

இதற்கு மேல் பெட்டியைத் திறக்கும் வேலை, எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்த வயர்மேனுடையது. ஆனால் அவர் என்ன அளக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் நல்லது. மெயின் போர்டில் அணைத்து, சோதனை மீட்டரை உயிருள்ள ஒரு முனையில் வைத்துப் பார்த்து, ஹீட்டரில் வைத்துப் பார்த்து, மறுபடி உயிருள்ள முனையில் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். 3.6 கிலோவாட் காயிலின் தடை 14 முதல் 16 ஓம் வரை. முடிவிலி காட்டினால் அறுந்தது. கட்அவுட்டும் ஃப்ளோ சுவிட்சும் மூடிய நிலையில் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். காயில் முனைக்கும் எர்த்துக்கும் இடையே கசிவை அளக்கச் சாதாரண மல்டிமீட்டர் போதாது. அது சில வோல்ட்டில் அளக்கிறது, விரிசல் அந்த வோல்ட்டில் வாய் திறக்காது. 500 வோல்ட் மெக்கர் வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் காயில் போகப் போகிறது என்று பொருள். 23 கிலோஓமுக்கு இறங்கினால் 230 வோல்ட்டில் சரியாக 10 மில்லியாம்பியர் கசியும். இஎல்சிபி பாதியிலிருந்தே விழ அனுமதி உண்டு, ஆக 46 கிலோஓமிலேயே தொல்லை தொடங்கிவிடும்.

அவரைக் கூப்பிடும்போது 'ஹீட்டர் கெட்டுப்போச்சு' என்பதைவிட இப்படிச் சொல்லுங்கள்: 'அண்ணே, சுவிட்ச் ஆஃப்ல இருந்தா நிக்குது, போட்டு ரெண்டு நிமிஷத்துல இஎல்சிபி விழுது, எம்சிபி விழல. மெக்கர் எடுத்துக்கிட்டு வாங்க.' பாதி வேலை முடிந்தது. மெக்கர் இல்லாமல் வந்து, பார்த்ததும் 'பிரேக்கர்தான் வீக்' என்று சொல்பவரை அனுப்பிவிடலாம்.

காயில் போனால் மாற்றுவதா, ஹீட்டரையே மாற்றுவதா? ஏழெட்டு வருடம் ஓடிய பெட்டி என்றால் புதியது வாங்குவதே என் யோசனை. வாஷர்கள், ஒயர் உறைகள் எல்லாம் அதே வயதுதான். வாங்கும்போது தர அடையாளமான சிரிம் ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பாருங்கள், ஆன்லைனில் மலிவாக வருவதில் குறிப்பாக. பெட்டியோடு வரும் ஹோஸையும் ஷவர் தலையையும்தான் மாட்ட வேண்டும். ஹார்ட்வேர் கடையில் விற்கும், கைப்பிடியில் அழுத்தினால் தண்ணீரை நிறுத்தும் தலையைப் போடக்கூடாது. இந்த வகை ஹீட்டரின் வெளிவாய் எப்போதும் திறந்திருக்க வேண்டும். அடைத்தால் சூடான தண்ணீரின் அழுத்தம் முழுவதும் தொட்டியில் இறங்கி, மூட்டுகள் பிளந்துகொள்ளும்.

மாட்டி முடித்ததும் சுவிட்சைப் போட அவசரப்பட வேண்டாம். வால்வைத் திறந்து, ஷவர் வழியாகக் காற்று துப்பித் துப்பி வந்து, பிறகு இழை அறாமல் தண்ணீர் ஓடும் வரை ஒரு நிமிடமாவது விடுங்கள். காலித் தொட்டியில் மின்சாரம் ஏறினால் புதுக் காயிலும் முதல் நாளே வெந்துவிடும். பிறகு டெஸ்ட் பொத்தானை அழுத்தி விழ வையுங்கள், திரும்பத் தூக்குங்கள், மீட்டர் விளக்கை ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையைத் தேதியோடு போர்டின் கதவுக்கு உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை யாராவது 'சூடு குறைஞ்சிருக்கு' என்று சொல்லும்போது ஒப்பிட அது இருக்கும்.